மீனுக்குக் கிழமை தெரியுமா?

பிப்ரவரி 2, வெள்ளி

களக்குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாக 'வேறு குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அரை அங்குல அகலம். 'மேகமூட்டம்' என்று எழுதினால் பாதி வெளியே தொங்கும். அதனால் பதினொரு மாதமாக அந்தக் கட்டத்தில் நான் எதுவுமே எழுதியதில்லை. போதாததற்கு, அந்தக் குறிப்பேட்டைத் தாணு சார் வரி விடாமல் படிப்பார். இதை அவர் படிக்க மாட்டார். ஆகவே இந்த நோட்டு, இந்தப் புலம்பல்.

இன்றைய கணக்கு: அத்திக் கசத்தில் குங்குமக் கெண்டை மூன்று. கசத்துக்கு மேலே கல்சரிவில் நாற்பத்தொன்று.

கசம் என்றால் இந்தப் பக்கத்துப் பேச்சில் ஆழமான மடு. கடவுப்பாறை ஊரின் ஓடையில், ஓர் அத்திமரத்துக்கு அடியில் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. கல்சரிவு அதற்கு மேலே, தண்ணீர் முழங்கால் ஆழத்தில் கற்களில் முட்டி மோதி இறங்கும் இடம். எந்த மீன் எங்கே நிற்க விரும்புகிறது, எத்தனை ஆழம், எத்தனை வேகம், அடியில் மணலா கல்லா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. அயிரை மணலில் புரளும். கல்லொட்டி பாறையை விட்டு நகராது. அவற்றோடு எனக்கு வழக்கே இல்லை. வழக்கெல்லாம் குங்குமக் கெண்டையோடுதான். விரல் நீளம், செவுளுக்குப் பின்னால் சிவப்புப் பொட்டு, இலை மாதிரித் தட்டையான அகல உடம்பு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு கல்சரிவின் வேகத்தில் எதிர்த்து நிற்பது பெரும்பாடு. பேசாமல் கசத்தில் கிடக்கலாம் அல்லவா? கிடக்காது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் இதே ஓடையில் இதைக் கண்டு எழுதியவர் என் வழிகாட்டி தாணுமாலயன் சார். அந்தக் கட்டுரையால்தான் அவர் பெயர் வெளியே தெரிந்தது. ஏன் அது அங்கே நிற்கிறது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அதை நான் சொன்னால் எனக்குப் பட்டம்.

மார்ச் 8க்குள் ஆய்வுச் சுருக்கம் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும். இது மூன்றாவது வாய்தா. சேராவிட்டால் பதிவு ரத்து, ஐந்து வருஷ உழைப்பு அம்போ.

பிப்ரவரி 6, செவ்வாய்

கசம் இரண்டு. கல்சரிவு நாற்பது. எலுமிச்சம்பழம் பத்து மீட்டரைக் கடக்கப் பதினொரு நொடி.

தண்ணீரின் வேகத்தை அளக்க எலுமிச்சம்பழம் விடுகிறேன். மிதக்கும், மஞ்சளாகக் கண்ணுக்குத் தெரியும், தொலைந்தால் கவலை இல்லை. வந்த புதிதில் நான் யாருக்கோ செய்வினை வைக்கிறேன் என்று பாதி ஊர் நம்பியது. துவைக்க வந்த முப்பிடாதி நேராகவே கேட்டாள். "யாருக்குட்டி வைக்க? எங்க நாத்தனாருக்கும் ஒண்ணு சேத்து விடேன்." அன்றிலிருந்து அவளும் நானும் சிநேகிதம்.

நான் தங்கியிருப்பது செண்பகவடிவு அக்கா வீட்டில். பீடி சுற்றுகிறாள், தனியாள், வாய் மட்டும் நாலு பேருக்கு உண்டு. அந்த வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்த்துக் குளிக்காதவளுக்குச் சோறு கிடையாது. எங்கள் தூத்துக்குடி வீட்டில் ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்தோமா, கோயிலுக்கு ஓடினோமா என்றுதான் பழக்கம். இங்கே நல்லெண்ணெயைச் சூடாக்கி, உச்சியில் வைத்து அறைந்து, காது மடலுக்குள்ளெல்லாம் விரலை விட்டு... வீட்டில் சண்டை வேண்டாமே என்றுதான் உட்காருகிறேன். இன்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன்.

பிறகு எல்லாப் பெண்களோடும் ஓடைக்கு. ஆளுக்கு ஒரு கிண்ணம் அரப்புப் பொடி. பச்சையாகக் கரைத்துத் தலையில் அப்பிக்கொண்டு கசத்தில் இறங்கினால் எண்ணெய் மொத்தமும் போய்விடும். பத்து மணிக்கு அவர்கள் பாறையில் உட்கார்ந்து முடி உலர்த்துவார்கள். நான் கண்ணாடி முகமூடியை மாட்டிக்கொண்டு மீன் எண்ண இறங்குவேன். கரையில் ஆள் இல்லாமல் கசத்தில் இறங்கக் கூடாது என்பது ஊர் எனக்குப் போட்ட ஒரே நிபந்தனை. கல்லூரியின் விதியும் அதுதான். அதனால் என் ஆய்வு நாள் செவ்வாயும் வெள்ளியும்.

"உங்க சாரும் இதே வீட்டுலதான் இருந்தாவ," என்றாள் அக்கா. "நான் கட்டிக்கிட்டு வந்த வருசம். ஆம்பளைங்க குளிக்கது புதனும் சனியும். எங்க மாமனாருதான் அவுகளுக்கு எண்ணெ தேச்சு விடுவாவ. மண்டையில பத்து முடி. அதுக்கு அரைப்படி எண்ணெ."

சாரிடம் இதைச் சொல்லிச் சிரிக்க எனக்குத் தைரியம் வராது.

பிப்ரவரி 9, வெள்ளி

கசம் இரண்டு. கல்சரிவு முப்பத்தொன்பது. அம்மா போன். தவக்காலம் பிறக்கிறதாம். அடுத்த வெள்ளி சிலுவைப்பாதைக்கு நான் வராவிட்டால் என்னோடு பேச மாட்டாளாம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

கசத்தில் ஒன்றே ஒன்று.

மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. குங்குமக் கெண்டைக்கு மூச்சுக்காற்று அதிகம் தேவை, கல்சரிவில் தண்ணீர் நுரைத்து விழுவதால் காற்று அதிகம் கரைகிறது, ஆகவே அங்கே நிற்கிறது. அழகான விளக்கம். மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் கசத்துக்கு வந்தன. 'வெள்ளத்துக்கு ஒதுங்கின' என்று ஒரு வரி போட்டு அடைத்துவிட்டேன். நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 15, வியாழன்

நாளை ஊருக்குப் போவதால் வெள்ளிக்கிழமை வேலையை இன்றே முடிக்க நினைத்தேன். ஓடையில் ஈ காக்காய் இல்லை. அக்காவைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்து, "பொசுக்குனு முடி. இலை காஞ்சு போவும்," என்றாள்.

கல்சரிவில் இரண்டு. முகமூடியில் நீர் கோத்துக்கொண்டதோ என்று துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். இரண்டு.

கசத்தில் இறங்கினேன். அத்திவேர்களுக்கு நடுவே சிவப்புப் பொட்டுகள். கூட்டம் கூட்டமாக, அவசரமே இல்லாமல், துடுப்பைக் கூட அசைக்காமல் நிற்கின்றன. ஓர் அத்திப்பழம் விழுகிறது. பத்து மீன் சேர்ந்து அதை முட்டி விளையாடுகின்றன. நாற்பத்துநான்கு. பதினொரு மாதத்தில் இப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

தலையைத் தூக்கிக் கத்தினேன். "யக்கா! மீனெல்லாம் கசத்துல நிக்கி!"

"மீனு கசத்துல நிக்காம வேப்பமரத்துலயா நிக்கும்? ஏறி வா பிள்ள, சளி பிடிக்கும்."

பிப்ரவரி 17, சனி

சிலுவைப்பாதையில் பன்னிரண்டாம் நிலையில் முழங்காலில் நின்றுகொண்டு தண்ணீரின் வெப்பத்தைப் பற்றி யோசித்தேன். ஆண்டவர் மன்னிப்பாராக.

பஸ்ஸிலும் அதே யோசனை. வளர்பிறையா? இந்தப் பதினொரு மாதத்தில் எத்தனையோ வளர்பிறை வந்து போயிருக்கிறது. வெப்பம்? அரை டிகிரி கூட மாறவில்லை. பழம் விழுந்ததாலா? அத்தி தினமும்தான் விழுகிறது. மிஞ்சி நிற்பது ஒன்றுதான். அன்று வியாழன். மீனுக்குக் கிழமை தெரியுமா? என்னையும் ஒரு ஆராய்ச்சியாளர் என்று சொல்கிறார்கள்.

ஒருநாள் தப்பாக எண்ணியிருப்பேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 19, திங்கள்

கசம் நாற்பத்தாறு. கல்சரிவு மூன்று.

அக்கா இந்த முறை தட்டோடு வரும்போதே சலித்துக்கொண்டாள். "நீ செவ்வா வெள்ளியில பாத்தது பத்தாதா? உங்க சாரு இப்படியா அலைஞ்சாவ?"

பிப்ரவரி 20, செவ்வாய்

வழக்கம் போல எண்ணெய், வழக்கம் போல அரப்பு. கசத்தில் முங்கி எழும்போது கண்ணைத் திறந்துவிட்டேன். ஐயோ! மிளகாய்ப் பொடியைத் தூவினது போல எரிந்தது. முகத்தைத் தேய்த்துக்கொண்டு குதித்தேன்.

"கண்ண மூடித் தொலை பிள்ள! இத்தனை மாசமா குளிக்க, இன்னும் தெரியலையா?" என்றாள் அக்கா.

கண்ணை மூட எனக்குத் தெரியும். மீனுக்கு இமை கிடையாது.

அந்த எண்ணம் வந்ததும் தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டேன். சுற்றிலும் பதினைந்து பெண்கள், பச்சை நுரை, சிரிப்பு. பத்தே காலுக்கு இறங்கி எண்ணினேன். கசம் இரண்டு, கல்சரிவு நாற்பத்துமூன்று.

ஒன்றும் இல்லை. வேறு காரணம் இருக்கும். மூன்றாம் அத்தியாயத்தில் எழுத்துப்பிழை திருத்தினேன்.

பிப்ரவரி 22, வியாழன்

கசம் நாற்பத்தைந்து.

பிப்ரவரி 23, வெள்ளி

இன்று எண்ணெய் வேண்டாம் என்றேன். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஏழரைக்கே முப்பிடாதியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன்.

ஏழரை மணிக்குக் கசத்தில் நாற்பத்துமூன்று. எட்டு மணிக்குப் பெண்கள் வந்தார்கள். நான் கசமும் கல்சரிவும் சேரும் இடத்தில், ஒரு கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் முகத்தை வைத்துக் கிடந்தேன். முதல் முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. ஆட்கள் இறங்கிய சத்தத்துக்கு மீன்கள் வேர்ப்பக்கம் ஒதுங்கின, பிறகு திரும்பி வந்தன. ஆளைக் கண்டு அவற்றுக்குப் பயமில்லை. எட்டே முக்காலுக்கு அரப்பு கரைந்தது. பச்சைப் புகை மாதிரித் தண்ணீருக்குள் மெல்லப் படர்ந்தது. அது வேர்ப்பக்கம் போனதும் குங்குமக் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பிறகு ஒவ்வொன்றாக என் கன்னத்தை உரசிக்கொண்டு, கல்சரிவில் ஏறின. ஒன்று ஏற முடியாமல் மூன்று முறை சறுக்கி நான்காவது முறை ஏறியது. நான் எண்ணவில்லை. எண்ண வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

அவை அங்கே நிற்க விரும்பவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் நிற்கின்றன. இத்தனை மாதம் நான் எண்ணியது வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களின் தலைகளை. துரத்தியவர்களில் நானும் ஒருத்தி, வாரம் இருமுறை, ஒரு கிண்ணம் அரப்போடு.

கரையேறி அழுதேன். முப்பிடாதி, "கண்ணுல பட்டுட்டோ?" என்று முந்தானையை நீட்டினாள். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 24, சனி

சாரின் கட்டுரையை எடுத்துவைத்துத் திரும்பப் படித்தேன். எல்லாத் தேதிகளுக்கும் கிழமை போட்டுப் பார்த்தேன். புதன், சனி, புதன், சனி. கரையில் ஆள் இருக்கும் நாளில்தான் அவரும் இறங்கியிருக்கிறார். ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். நானும் அவரும் ஒரே விடையைக் கண்டோம் என்பதுதான் எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது. ஒரே தப்பை இரண்டு பேர் செய்தால் ஒரே விடை வராதா?

ஆகஸ்டு மாதத்தில் இரண்டு வாரம் தேதிகள் இல்லை. 'மழை காரணமாக ஆய்வு நடைபெறவில்லை' என்று அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது.

அவருக்குப் போன் செய்ய வேண்டும். துணி நிறையச் சேர்ந்துவிட்டது. துவைத்தேன்.

பிப்ரவரி 26, திங்கள்

அக்காவிடம் சொன்னேன். பீடிக்கு நூல் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்போ எங்க அரப்பு வெசமா?"

"வெசம்னு சொல்லல யக்கா. அதுகளுக்கு மூச்சு முட்டுது."

"எங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து குளிக்கோம். மீனு செத்து மெதந்துச்சா? நேத்து வந்தவ நீ. உனக்கும் அதே அரப்பத்தானே தலையில வச்சேன். அப்போ இனிச்சுது, இப்போ வெசமாப் போச்சு. நல்லா இருக்கு பிள்ள நியாயம்!"

உண்மையிலேயே வலித்திருக்கிறது அவளுக்கு. என்னையும் குத்திவிட்டாள். மத்தியானம் சோறு மட்டும் தட்டில் வந்து 'டக்' என்று உட்கார்ந்தது.

சாயங்காலம் நானே பக்கத்தில் போய் உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுத்தேன். கேட்டேன், "யக்கா, செவ்வா வெள்ளி, புதன் சனி எதுலயும் யாருமே எண்ணெ தேய்க்காம இருந்த காலம்னு ஒண்ணு உண்டா?"

"துட்டி விழுந்தா தேய்க்க மாட்டோம். ஊரு முழுக்க ஒரே பங்காளி. பதினாறு நாளும் எண்ணெயத் தொட மாட்டோம்." கொஞ்சம் யோசித்தாள். "எங்க மாமா போனப்போ அப்படித்தான். உங்க சாரு இங்க இருந்தப்பதான் அது. அவுகளே கூட மாட எல்லா வேலையும் பாத்தாவ. ஆவணி மாசம்."

ஆவணி. ஆகஸ்டு.

"மழை பேஞ்சுதாமே அப்போ?"

"மழையா? அந்த வருசம் சாரலே ஏமாத்திட்டு. மாமாவக் குளிப்பாட்டக் கசத்துலருந்துதான் தண்ணி கோரிக்கிட்டு வந்தோம். உங்க சாரு அப்பவும் புதனும் சனியும் வீட்டு ஆளக் கரையில உக்கார வச்சுக்கிட்டு முங்கத்தான் செஞ்சாவ."

நான் எழுந்து வெளியே போய் நின்றேன். கோபத்தில் காது சூடாகிவிட்டது. அவர் அந்த இரண்டு வாரமும் தண்ணீரில் இறங்கியிருக்கிறார். பார்த்திருக்கிறார். சேர்க்கவில்லை.

உள்ளிருந்து அக்காவின் குரல். "இந்த வெள்ளி நாங்க கசத்துக்குக் கீழ போயி குளிக்கோம். ஒரே ஒரு வெள்ளி. மீனு அப்பவும் மேலயே நின்னுச்சுன்னா நீ ஓடைக்கரையில நின்னு எங்க எல்லாருகிட்டயும் மன்னிப்பு கேக்கணும், ஆமா."

மார்ச் 1, வெள்ளி

தலை கூடத் துவட்டாமல் நோட்டை மடியில் வைத்துவிட்டேன். அதனால் கோணல்மாணலாக எழுதுகிறேன்.

பதினேழு பெண்களும் கசத்தைத் தாண்டிக் கீழே மணல்திட்டுப் பக்கம் இறங்கினார்கள். "கல்லு குத்துது, தண்ணி காணாது, எல்லாம் இந்த மீன் டீச்சரால," என்று ஆளாளுக்கு வசவு. அரப்பு நுரை அங்கிருந்து கீழ்நோக்கிப் போனது. கசத்துக்கு ஒரு சொட்டு வரவில்லை.

பத்தே காலுக்கு இறங்கினேன். வெள்ளிக்கிழமை. கசத்தில் நாற்பத்தாறு. கல்சரிவில் ஒன்று.

நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. அக்கா முடியை அள்ளி முடிந்துகொண்டு, "கொண்டா அந்தக் கண்ணாடிய," என்றாள். முகமூடியை மாட்டிவிட்டேன். தண்ணீருக்குள் முகத்தை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. நான் பயந்துபோய்த் தோளைத் தொட்டதும் தலையைத் தூக்கினாள்.

"ஏளா! எம் மூக்குத்தியப் பாக்க வருதுவ!"

பிறகு முகமூடிக்கு அடிதடி. முப்பிடாதி இரண்டு முறை பார்த்தாள். மூன்றாவது முறைக்கு வரிசையில் போய் நின்றாள். பிறந்ததிலிருந்து அந்தக் கசத்தில் குளிப்பவர்கள். கண்ணை மூடிக்கொண்டுதான் முங்கியிருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று இன்றுதான் பார்க்கிறார்கள். "பொட்டு வச்சிருக்கு பாரேன், எம் மவள மாதிரி," என்று ஒருத்தி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்கா என்னிடம் தனியாக, "மன்னிப்பு வேண்டாம், போ," என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் மார்ச் 8 ஞாபகம் வந்தது.

மார்ச் 2, சனி

சாருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். கிழமை, அரப்பு, நேற்றைய கணக்கு. ஆகஸ்டைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. பயத்தால் அல்ல. போனில் சார்ஜ் குறைவாக இருந்தது.

அவர் நேற்றைய கணக்கை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு, "அப்போ என் கட்டுரை?" என்றார்.

"தப்பு சார்."

வைத்துவிட்டார்.

மார்ச் 4, திங்கள்

சார் கூப்பிட்டார். "ஜெசிந்தா, உன் சுருக்கத்துல நான் கையெழுத்துப் போடணும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"பழைய முடிவோட அனுப்பு. எட்டாம் தேதி சேர்ந்துடும். இதையெல்லாம் பட்டம் வாங்கினப்புறம் நிதானமாப் பாக்கலாம்."

"பாக்க மாட்டோம் சார்," என்றேன். எங்கிருந்து வந்தது அந்த வாய் என்று தெரியவில்லை. செண்பகவடிவு அக்கா வீட்டுச் சோறு. "நான் புதுசா எழுதிட்டேன். நேத்தே உங்களுக்கு அனுப்பிட்டேன். கையெழுத்துப் போடுறதும் போடாததும் உங்க இஷ்டம்."

உண்மையில் அப்போது எழுதியிருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து எழுதி அனுப்பினேன்.

மார்ச் 5, செவ்வாய்

பதில் இல்லை. பாதிப் பெண்கள் கீழே குளித்தார்கள், பாதிப் பேர் பழைய இடத்தில். கசம் இருபத்தொன்று.

மார்ச் 6, புதன்

பதில் இல்லை. அம்மாவிடம், பட்டம் கிடைக்காமல் போகலாம் என்று சொன்னேன். "அதுக்கென்ன, வீட்டுக்கு வா," என்றாள். அது இன்னும் மோசமாக இருந்தது. இந்த ஐந்து வருஷம் எனக்கு வேண்டும். இந்த மீன் வேண்டும். அதை இப்போதுதான் பார்க்கவே ஆரம்பித்திருக்கிறேன்.

மார்ச் 7, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு வாசலில் கார். தாணு சார். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு இந்த ஊருக்கு வருகிறார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வாங்க சார். அந்தப் பத்து முடியும் போச்சே!"

அவர் சிரிக்கவில்லை. "கரையில ஆள் வேணும். நீங்க ரெண்டு பேரும் வாங்க," என்றார்.

கைலியை வரிந்து கட்டிக்கொண்டு, என் முகமூடியை மாட்டிக்கொண்டு கசத்தில் இறங்கினார். அக்கா பாறையில் பீடி சுற்றினாள். நான் மறுகரையிலிருந்து இறங்கி, தனியாக எண்ணிவிட்டு ஏறினேன். அவர் ஏறவில்லை. அரை மணி, முக்கால் மணி. முதுகு மட்டும் மிதந்துகொண்டிருந்தது. ஏறி வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது.

"எத்தனை சார்?"

"நாப்பத்தேழு. நீ?"

"நாப்பத்தாறு."

"ஒண்ணு வேருக்குப் பின்னால இருந்துச்சு. நீ விட்டுட்ட."

துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். செய்தித்தாளைப் பிரித்தார். பழைய களக்குறிப்பேடு, ஓரம் முழுக்கப் பூச்சி அரித்தது. ஒரு பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தார். ஆகஸ்டு 21, 24, 28, 31. கசத்தில் நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, ஐம்பது, நாற்பத்தேழு. பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு.

"மழைன்னு எழுதினேன்," என்றார். "மழை இல்ல."

"தெரியும் சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கேட்காமல் விட்டதும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"இவங்க மாமனார் போயிட்டாரு. என்னைப் பிள்ளை மாதிரிப் பாத்துக்கிட்ட மனுஷன். எனக்குக் கவனம் இல்ல, தூக்கம் இல்ல. அதான் தப்பா எண்ணுறேன்னு நினைச்சேன். நாலு நாளையும் தூக்கிப் போட்டேன். தப்பா எண்ணலைன்னு உள்ளுக்குள்ள தெரியும். மத்த எல்லா நாளும் அவ்வளவு அழகா ஒத்துப்போச்சு பாரு, விட மனசில்ல." விரலால் பக்கத்தின் கடைசியைக் காட்டினார். "இதைப் படி."

வேறு குறிப்பு. அதே அரை அங்குலக் கட்டம். பொடிப்பொடி எழுத்தில் அவர் எழுதியிருந்தார். 'வீட்டில் துக்கம். மறுபடி பார்க்க வேண்டும்.'

"மறுபடி பாக்கணும்னு நானே எழுதி வச்சிருக்கேன். பாக்கல," என்றார்.

அக்கா பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் அந்த நடுங்குகிற தோளைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

அவர் பையிலிருந்து என் புதிய சுருக்கத்தை எடுத்தார். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தது. முதல் பக்கத்தில் 'முந்தைய ஆய்வுகளின் பிழை' என்ற தலைப்பின் கீழ் அவர் கட்டுரையை நான் பெயர் போடாமல் குறிப்பிட்டிருந்தேன். பேனாவால் தன் பெயரை எழுதிச் சேர்த்திருந்தார்.

"சாயங்காலம் நானே கொண்டுபோய்ச் சேர்த்துடுறேன். ஆனா இன்னும் ஒரு வருஷம் வேலை கிடக்கு. திங்களும் வியாழனும் எண்ணணும். மழைக்காலமும் வேணும். இந்த நாலு நாளையும் சேத்துக்கோ, மக்களே."

மக்களே என்று இந்தப் பக்கத்தில் பெற்ற பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லித் தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.

மார்ச் 8, வெள்ளி

சுருக்கம் நேற்று மாலையே சேர்ந்துவிட்டது. பதிவு பிழைத்தது.

காலையில் அக்கா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள். கேட்கவில்லை, உட்கார் என்று கண்ணைக் காட்டினாள். உட்கார்ந்தேன். பிடிக்கும் என்று இங்கேயாவது எழுதிவிடுகிறேன். கசத்துக்குக் கீழே போய்க் குளித்தோம். முப்பிடாதியும் இன்னும் மூன்று பேரும் பழைய இடத்தை விட மாட்டேன் என்று சட்டம் பேசுகிறார்கள். பேசட்டும், அதுவும் கணக்கில் வரும்.

கசம் முப்பத்தொன்று. கல்சரிவு பதினான்கு.

களக்குறிப்பேட்டின் கடைசிக் கட்டத்தில் முதல் முறையாக எழுதினேன். 'வெள்ளிக்கிழமை. கசத்தில் அரப்பு, நாலு பேர்.' பாதி வெளியே தொங்குகிறது. தொங்கட்டும்.